கல்லறையும் சத்திரமும்

ஸ்பெயின் நாட்டின் வடமேற்கு மூலையிலுள்ள சாந்தியாகோ தெ கொம்போஸ்தெலா என்னும் நகருக்கு ஏறத்தாழ ஆயிரத்து இருநூறு ஆண்டுகளாக மக்கள் கால்நடையாகச் சென்று வருகின்றனர். செபெதேயுவின் குமாரனாகிய யாக்கோபு அப்போஸ்தலனின் கல்லறை அங்கிருப்பதாக நம்பப்படுவதே இதற்குக் காரணம். சீர்திருத்தத் திருச்சபைகளின் மரபில் வளர்ந்த நமக்கு இத்தகைய யாத்திரை அயலானது. புண்ணியத் தலம், திருப்பண்டம், பாவப்பரிகாரச் சலுகை என்னும் சொற்களைக் கேட்ட மாத்திரத்தில் நம் உள்ளம் விழிப்படைந்து எதிர்வாதத்திற்கு ஆயத்தமாகிவிடுகிறது. ஆயினும் அந்த வழியின் முடிவில் ஒரு கல்லறை இருப்பது போலவே, வழிநெடுகச் சத்திரங்கள் இருக்கின்றன. கல்லறையின் வரலாறு ஐயத்திற்குரியது. சத்திரங்களின் வரலாறோ அத்தகைய ஐயத்திற்கு இடமளிக்காதது. இவ்விரண்டையும் பிரித்து நோக்குவோமாயின், சீர்திருத்தக்காரர் எதை மறுத்தனர், எதை மறுக்கவில்லை என்பதும், மறுக்காததை நாம் என்ன செய்தோம் என்பதும் விளங்கும்.

சத்திரம் என்னும் சொல்லை நாம் இங்கு அறிந்தே கையாளுகிறோம். லூக்கா நற்செய்தியின் தமிழ் மொழிபெயர்ப்பில் அது இரு இடங்களில் வருவதை வாசகர் அறிவர். இயேசு பிறந்தபோது இடமில்லாதிருந்த இடமும் சத்திரமே. நல்ல சமாரியன் காயமுற்றவனைக் கொண்டுபோய்ச் சேர்த்த இடமும் சத்திரமே. கிரேக்க மூலத்தில் இவை இரு வேறு சொற்கள். முன்னது 'கத்தாலுமா', அதாவது விருந்தினர் தங்கும் இடம். பின்னது 'பந்தொகேயோன்', சொற்பிறப்பின்படி எல்லாரையும் ஏற்குமிடம். இடமற்றுப்போன வீடும் எல்லாரையும் ஏற்கும் வீடும் நம் திருமறையில் ஒரே பெயரைத் தாங்கி நிற்கின்றன. 'பரதேசி' என்னும் சொல்லும் இத்தகையதே. திருமறையில் அது மேலான நாட்டை நாடிச் செல்லும் விசுவாசியின் பெயர். தெருவிலோ பிச்சைக்காரனின் பெயர், பெரும்பாலும் வசையும் ஆகும். இலத்தீன் மொழியின் 'பெரெக்ரீனுஸ்' என்னும் சொல் உரோமச் சட்டத்தில் குடியுரிமையற்ற அயலானைக் குறித்தது. யாத்திரிகன் என்னும் பொருள் பிந்தி வந்தது. வாசலில் வந்து நிற்பவன் யாத்திரிகனா, பிச்சைக்காரனா, வெறும் அயலானா என்னும் கேள்வி சத்திரங்களின் வரலாறு முழுவதையும் ஊடுருவிச் செல்வதைக் காண்போம்.

சாந்தியாகோவுக்குச் செல்லும் பாதை ஒன்றன்று, பல. பிரான்சிலிருந்து பிரனீஸ் மலையைக் கடந்து வரும் பாதையே பெரும்பாதை. புகழும் கூட்டமும் அதற்கே உரியன. நாம் இங்கு முதன்மையாகக் கருதுவது தெற்கேயிருந்து வரும் அமைதியான பாதையை. வியா தெ லா பிளாத்தா என்பது அதன் பெயர். செவில்லாவில் தொடங்கி மெரிதா, காசெரெஸ், சலமாங்கா, சமோரா ஆகிய நகரங்களின் வழியே வடக்கு நோக்கிச் சென்று, பின் மேற்கே திரும்பி, ஒரென்சே வழியாகச் சாந்தியாகோவை அடைகிறது. ஏறத்தாழ 1,000 கி.மீ. நீளமுடையது. 'பிளாத்தா' என்பது இன்றைய ஸ்பானிய மொழியில் வெள்ளியைக் குறிக்கும். ஆயின் கல் பாவிய சாலை என்னும் பொருளுடைய அரபுச் சொல்லின் திரிபே இது என்பது அறிஞர் பலரின் கருத்து. மெரிதாவிலிருந்து அஸ்தோர்கா வரை உரோமர் அமைத்த சாலையின் தடத்திலேயே பாதை செல்கிறது. மைல்கற்கள் சில இன்றும் வழியோரத்தில் நிற்கின்றன. காப்பர்ரா என்னும் பாழ்பட்ட உரோம நகரின் நான்குமுக வளைவுக்கு அடியிலேயே நடந்து போகலாம். கருவாலி மரங்கள் பரந்து நிற்கும் மேய்ச்சல் நிலங்களும் பன்றி மந்தைகளும் கடுங்கோடை வெயிலும் இப்பாதையின் இயல்பு. ஓர் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் இடையே பல மணி நேரம் ஒரு வீட்டையும் காண முடியாத பகுதிகள் உண்டு. சத்திரம் என்பதன் பொருள் அத்தகைய பாதையில்தான் நடப்பவனுக்கு விளங்கும்.

யாத்திரையைக் குறித்த ஐயம் 16ஆம் நூற்றாண்டில் பிறந்ததன்று என்பதை முதலில் நினைவிற்கொள்வது நன்று. 4ஆம் நூற்றாண்டில் கப்பதோக்கியாவில் வாழ்ந்த சகோதரர் இருவரை நோக்குவோம். மூத்தவராகிய பேசில் செசரியா நகரின் பேராயர். நகருக்கு வெளியே நோயாளிக்கும் ஏழைக்கும் வழிப்போக்கருக்கும் அவர் எழுப்பிய இல்லங்களின் தொகுதி ஒரு புதிய நகரத்தைப் போன்றிருந்ததாகக் கூறுவர். இளையவராகிய நிசாவின் கிரெகரி எருசலேமுக்குச் சென்று வந்தவர். சென்று வந்தபின் அவர் எழுதிய கடிதமொன்றில், புண்ணியத் தலங்களுக்குப் போவது கிறிஸ்தவனின் கடமையன்று எனவும், இடத்தை மாற்றுவதால் ஒருவன் கடவுளை அணுகுவதில்லை எனவும் வாதாடுகிறார். கிழக்கு நாடுகளின் வழிவிடுதிகளில் நிலவிய ஒழுக்கக்கேட்டையும் தம் வாதத்திற்குச் சான்றாகக் காட்டுகிறார். தமையனார் வழிப்போக்கருக்கு வீடு கட்டுகிறார்; தம்பியார் வழிப்பயணத்தை விட்டுவிடச் சொல்கிறார். இவ்விருவருக்கும் இடையே பகைமையோ முரண்பாடோ இருந்ததாகத் தெரியவில்லை. யாத்திரையை மறுப்பதும் வழிப்போக்கனை ஏற்பதும் ஒரே குடும்பத்தில் ஒருங்கே இருக்கக் கூடியவை.

ஸ்பெயினில் சத்திரம் கல்லறைக்கு முந்தியது. 6ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மெரிதா நகரின் பேராயராக இருந்த மசோனா, 580ஆம் ஆண்டளவில் ஒரு பெரும் சத்திரத்தை நிறுவினார். அவரோ கோத்திய இனத்தவர். ஆரிய மதத்தைச் சார்ந்த அரசன் லெயோவிகில்டினால் சிறிது காலம் நாடுகடத்தப்பட்டவர். 589இல் கோத்தியர் ஆரியத்தைக் கைவிட்ட தொலேதோ மாமன்றத்தில் பங்குகொண்டவர். (ஆரியம் என நாம் கூறுவது அலெக்சாந்திரியாவின் ஆரியுசின் கோட்பாட்டையேயன்றி வேறன்று.) அடுத்த நூற்றாண்டில் மெரிதாவின் பரிசுத்தவான்களைக் குறித்து எழுதப்பட்ட ஒரு நூல் அச்சத்திரத்தின் நடைமுறையை விவரிக்கிறது. மருத்துவர்கள் ஓய்வின்றி நகர் முழுவதும் சுற்றி வந்து, அடிமையாயினும் சுயாதீனனாயினும், கிறிஸ்தவனாயினும் யூதனாயினும், நோயுற்றவனைக் கண்ட இடத்திலேயே தூக்கிக் கொண்டுவர வேண்டும். பேராயரின் இல்லத்திற்கு வரும் காணிக்கைகளில் சரிபாதி சத்திரத்திற்குப் போய்ச்சேர வேண்டும். இதுவன்றி, கடன் வேண்டி வரும் ஏழைகளுக்கு உடனே கொடுப்பதற்காக 2,000 பொற்காசுகளைக் கொண்ட நிதியும் புனித யூலாலியா ஆலயத்தில் வைக்கப்பட்டது. பரிசுத்தவான்களின் வரலாறுகளில் புகழுரை மிகுவது இயல்பே. அதை நாம் மறக்கவில்லை. ஆயினும் காணிக்கையில் பாதி என்னும் கணக்கு புகழ்பாடும் புலவனின் கற்பனையாகத் தோன்றவில்லை. நிருவாகியின் ஏற்பாடாகவே தோன்றுகிறது. சாந்தியாகோ என்னும் பெயரையே எவரும் கேள்விப்படாத காலம் அது. அந்த மெரிதாவைக் கடந்துதான் இன்றைய யாத்திரிகன் செல்கிறான்.

கல்லறையின் செய்தி இதற்கு இரண்டரை நூற்றாண்டுகள் கழித்தே வருகிறது. 820க்கும் 830க்கும் இடைப்பட்ட காலத்தில், ஈரியா நகரின் பேராயர் தெயோதெமிர் ஒரு பழைய கல்லறையைக் கண்டு அதை யாக்கோபினுடையதென அறிவித்தாரென்பது மரபு. அஸ்தூரியாவின் அரசன் இரண்டாம் அல்போன்சோ ஓவியேதோவிலிருந்து வந்து வணங்கினானாம். தெயோதெமிர் கற்பனை மனிதரல்லர். 847இல் மறைந்த அவருடைய கல்லறைக் கல்லை 1955இல் பேராலயத்தின் அடியில் கண்டெடுத்தனர். ஆயின் கண்டுபிடிப்பை விவரிக்கும் ஏடுகள் 11ஆம் நூற்றாண்டிற்கு முந்தியவையல்ல. யாக்கோபு ஸ்பெயினில் நற்செய்தி அறிவித்தாரென்னும் கூற்றோ 7ஆம் நூற்றாண்டளவில்தான் தலைகாட்டுகிறது. ஏரோது அவரை எருசலேமில் வாளால் கொன்றதை அப்போஸ்தலர் நடபடிகள் கூறும். பிறருடைய அஸ்திபாரத்தின்மேல் கட்டுவதில்லை என்னும் கொள்கையுடைய பவுல், உரோமருக்கு எழுதிய நிருபத்தின் அதே அதிகாரத்தில் ஸ்பெயினுக்குப் போகும் தம் எண்ணத்தையும் தெரிவிக்கிறார். இந்த இரு செய்திகளையும் இணைத்துப் பார்க்கும் மாணவன் தானே முடிவுக்கு வரலாம்.

கல்லறை எத்தகையதாயினும் கால்கள் நடந்தன. நடந்த கால்களுக்குக் கூரை தேவைப்பட்டது. ஓவியேதோவிலிருந்து மலைகளின்மேல் செல்லும் பழைய பாதையில் பரதியேல்யா, பொன்பராவோன், வல்பரைசோ என்னும் மூன்று சத்திரங்களின் இடிபாடுகளை இன்றும் காணலாம். மரமற்ற மேட்டுநிலம், மூடுபனி இறங்கினால் பத்தடிக்கு அப்பால் தடம் தெரியாது. கல்லடுக்கிய தாழ்ந்த சுவர்களேயன்றி இன்று வேறொன்றும் எஞ்சவில்லை. இங்குத் திருப்பண்டம் எதுவும் இருந்ததில்லை. வழியில் மனிதன் விறைத்துச் சாகாதபடிக்கே இவை கட்டப்பட்டன. பிரனீஸ் மலையின் ரொன்செஸ்வால்யெஸ் சத்திரத்தை 12ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பம்ப்லோனா நகரின் பேராயர் நிறுவினார். அதைப் போற்றும் பழைய இலத்தீன் கவிதையொன்று, நோயாளிக்கும் நலமுற்றோர்க்கும் மட்டுமன்றி, யூதருக்கும் பிற சமயத்தாருக்கும் திரிபுக் கொள்கையினருக்கும்கூட அதன் கதவு திறந்திருந்ததெனப் பெருமை கொள்கிறது. திரிபுக் கொள்கையினருக்குக் கதவு திறந்திருப்பதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்ட நிறுவனங்கள் இடைக்காலத் திருச்சபையில் மிகுதியாக இருந்தனவென நாம் கருதவில்லை.

இதன் மறுபக்கத்தையும் மறைத்தல் ஆகாது. சத்திரங்களுக்கு நிலமும் பொன்னும் அளித்தோர் தம் ஆத்துமாவின் மீட்புக்காகவே அளித்ததாக ஆவணங்களில் எழுதி வைத்தனர். அந்நியனின் பசி கொடையாளியின் உத்தரிப்பு வேதனையைக் குறைக்கும் கருவியாயிற்று. தனியார் விடுதிகளின் கதையோ இன்னும் மோசம். 12ஆம் நூற்றாண்டுத் தொகுப்பாகிய 'கொடெக்ஸ் கலிக்ஸ்தினுஸ்' என்னும் நூலிலுள்ள நீண்ட பிரசங்கமொன்று, மதுவில் நீர் கலப்போர், பழைய மீனை விற்போர், கள்ள அளவைகளை வைத்திருப்போர் என விடுதிக்காரரின் வஞ்சனைகளை அடுக்கிச் சபிக்கிறது. அதே தொகுப்பின் ஐந்தாம் பகுதியாகிய வழிகாட்டி நூல், யாத்திரிகரை ஏற்க மறுத்தோருக்கு நேர்ந்த தண்டனைகளைக் கதைகளாகச் சொல்லி முடிகிறது. அச்சுறுத்த வேண்டியிருந்ததென்றால், மறுத்தவர்களும் பலர் இருந்தனர் என்பதே அதன் பொருள்.

லூத்தர் 1520இல் ஜெர்மானியப் பிரபுக்களுக்கு எழுதிய நூலில் யாத்திரைகளை வன்மையாகக் கண்டித்தார். மனைவியையும் பிள்ளைகளையும் வறுமையில் விட்டுவிட்டு உரோமாபுரிக்குச் சென்று பெரும்பணத்தைச் செலவிடுகிறவனை அவர் உதாரணமாகக் காட்டுகிறார். கடவுள் கட்டளையிட்ட கடமை வீட்டில் கிடக்க, கட்டளையிடாத செயலைத் தேடி அவன் ஓடுகிறான் என்பதே வாதம். இதனை மறுப்பது அரிது. ஆனால் அதே நூலின் வேறோரிடத்தில், ஒவ்வொரு நகரமும் தன் ஏழைகளைத் தானே பேண வேண்டுமென்றும், அயலூர்ப் பிச்சைக்காரர் யாத்திரிகர் என்ற பெயரில் வந்தாலும் துறவியர் என்ற பெயரில் வந்தாலும் அவர்களை உள்ளே விடலாகாதென்றும் கூறுகிறார். முதற்பாதி திருச்சபையின் உதவிப்பணி வரலாற்றில் ஒரு மைல்கல். பொதுநிதி என்னும் ஏற்பாடு அதிலிருந்தே வளர்ந்தது. இரண்டாம் பாதியை நாம் அவ்வளவாகக் கவனித்ததில்லை. உள்ளூர் ஏழைக்குக் கதவைத் திறந்த அதே கை அயலூர் ஏழைக்குக் கதவைச் சாத்தியது.

இப்போக்கு சீர்திருத்த நாடுகளுக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. ஸ்பெயினில் பிறந்த கத்தோலிக்க அறிஞர் ஹுவான் லூயிஸ் வீவெஸ் 1526இல் புரூஜ் நகரத்தாருக்காக எழுதிய நூலில் இதையொத்த ஏற்பாட்டையே பரிந்துரைத்தார். 1540இல் காஸ்தீலியாவில் பிச்சையெடுத்தலை ஒழுங்குபடுத்தும் சட்டம் எழுந்தது. ஏழை தன் ஊரிலேயே, உரிமச் சீட்டுடன் மட்டுமே பிச்சையெடுக்கலாம். சாந்தியாகோ யாத்திரிகரும் நேர்வழியைவிட்டு அதிகம் விலகலாகாது. சமோரா நகரம் இதையும் கடந்து, பொதுவில் நிதி திரட்டி ஏழைகளைப் பேணி, தெருப்பிச்சையை ஒழிக்கும் திட்டத்தை மேற்கொண்டது. இதைக் குறித்துச் சலமாங்காவில் 1545இல் ஒரு பெரும் விவாதம் மூண்டது. இரு நகரங்களும் நாம் முன்பு கூறிய அமைதியான பாதையிலேயே அமைந்துள்ளன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மூன்று நாள் நடை.

விவாதத்தைத் தொடங்கியவர் தொமிங்கோ தெ சோத்தோ. சலமாங்காப் பல்கலைக்கழகத்தின் இறையியல் பேராசிரியர், தொமினிக்கத் துறவி, அவ்வாண்டிலேயே திரெந்து மாமன்றத்திற்குச் சென்று, விசுவாசத்தினால் நீதிமானாக்கப்படுதல் என்னும் நம் கோட்பாட்டிற்கு எதிராக வாதாடியவர். அத்தகையவர் ஏழைகளின் சார்பில் கூறியவற்றை நாம் கேட்டே தீரவேண்டும். குற்றம் புரியாத எவனையும் எந்த ஊரிலிருந்தும் வெளியேற்ற அதிகாரிக்கு உரிமையில்லை என்றார் அவர். நாடு முழுவதும் ஒரே உடல். வளமற்ற ஊரின் ஏழை வளமுள்ள ஊருக்குப் போகாமல் வேறெங்குப் போவான்? கிறிஸ்தவர்கள் ஒரே உடலாயிருக்கையில் வேற்று நாட்டானுக்கும் அதே உரிமை உண்டு. ஏழைகளுள் பொய்யர் உண்டென்பதை அவர் மறுக்கவில்லை. ஆனால் பொய்யரைப் பிரித்தெடுக்கும் முயற்சியில் மெய்யான ஒருவன் பசியுடன் திருப்பப்படுவதினும், தகுதியற்றோர் பலர் உண்டுபோவதே மேல் எனக் கருதினார். செல்வரின் வஞ்சனைகளை எவரும் இத்துணை நுணுக்கமாக ஆராய்வதில்லையே என்பது அவருடைய மற்றொரு கேள்வி.

சில வாரங்களுக்குள் பெனடிக்டுச் சபையின் மடாதிபதி ஹுவான் தெ ரோபிளெஸ் மறுமொழி எழுதினார். அவரும் ஏழைகளின் பகைவரல்லர். உரக்கக் கேட்கிறவனே உண்கிறான். கேட்க நாணுகிறவனும் படுக்கையில் கிடக்கிறவனும் பட்டினி கிடக்கின்றனர். பிச்சைக்காரப் பிள்ளைகள் தொழில் ஏதும் கல்லாமல் வளர்கின்றனர். இவற்றைத் தீர்க்கும் சமோராவின் திட்டமே மெய்யான அன்பு என்பது அவர் வாதம். இன்றைய சமூகநலத் துறைகள் அனைத்தும் ரோபிளெசின் வழிவந்தவை எனலாம். இருவருள் எவர் சொன்னது சரி என்று கேட்டால், உள்ளூர் ஏழையைப் பொறுத்தவரை ரோபிளெசும், வழிப்போக்கனைப் பொறுத்தவரை சோத்தோவும் என்றே நாம் விடையளிப்போம். ஊரில் வேரூன்றாத மனிதனுக்கு எந்தத் திட்டத்திலும் பெயர் இராது. அவனுக்கிருப்பது வாசற்கதவு ஒன்றே.

சீர்திருத்தத் திருச்சபை இக்கதவை அறவே மறந்துவிட்டதா? இங்குத்தான் ஜெனீவாவை நோக்க வேண்டும். கால்வின் 1543இல் திருப்பண்டங்களை எள்ளி நகையாடி எழுதிய நூலை நாம் அறிவோம். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1541இல், அவருடைய கைவண்ணத்தில் உருவான ஜெனீவாவின் திருச்சபைச் சட்டங்கள் நால்வகை ஊழியத்தை வரையறுக்கின்றன. நான்காவதாகிய உதவிக்காரர் ஊழியம் இருவகைப்படும். ஒரு சாரார் ஏழைகளுக்குரிய பொருளைக் காத்து நிருவகிப்போர். மற்றொரு சாரார் நோயாளியையும் ஏழையையும் நேரில் பேணுவோர். இரண்டாம் வகையினருக்கு 'ஒஸ்பித்தாலியே' என்று பெயர். நகரின் பொது மருத்துவமனை 1535இலேயே ஒரு பழைய கன்னிமடத்தில் அமைக்கப்பட்டிருந்தது. அதைக் குறித்து விதிக்குமிடத்தில், வழிப்போக்கருக்கான சத்திரமும் பேணப்பட்டே தீரவேண்டும் எனச் சட்டம் கூறுகிறது. ஆலய வாசலில் பிச்சையெடுப்பதைத் தடுக்கும் விதியும் அதே பகுதியில் இருக்கிறது. பிச்சையைத் தடுத்தும் வழிப்போக்கனைத் தடுக்காத ஏற்பாடு அது. பிரான்சிலும் இத்தாலியிலும் துன்புறுத்தப்பட்டோர் பின்னர் ஆயிரக்கணக்கில் ஜெனீவாவின் வாயில்களில் வந்து நின்றனர்; கால்வினே பிரான்சிலிருந்து வந்த ஓர் அந்நியர்தாம். பேசிலும் கிரெகரியும் தனித்தனியே கூறியவற்றை ஒரே மனிதர் இரண்டு ஆண்டு இடைவெளியில் எழுதினார் என்பதை நாம் போதிய அளவு சிந்தித்ததில்லை. நம் இறையியல் கல்லூரிகளில் திருப்பண்டங்களைப்பற்றிய நூலை அறிந்த மாணவர் பலர். வழிப்போக்கர் சத்திரத்தைப்பற்றிய விதியை அறிந்தவர் சிலரே.

ஸ்பெயினில் இதற்குப்பின் நிகழ்ந்ததைச் சுருக்கமாகக் கூறலாம். 1589இல் ஆங்கிலேயக் கடற்படைத் தலைவன் டிரேக் லா கொருஞாவைத் தாக்கியபோது, புரொட்டஸ்டாந்தரின் கையில் சிக்காதிருக்க எலும்புகள் ஒளித்து வைக்கப்பட்டனவாம். ஒளித்த இடம் மறந்துபோயிற்று. 1879இல்தான் மீண்டும் கண்டெடுத்தனர். 1884இல் பதின்மூன்றாம் லியோ அவை மெய்யானவை என அறிவித்தார். இவ்வாறு ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் யாத்திரிகர் வெற்றுப் பேழையை நோக்கி நடந்தனர். ஆயினும் வழியில் அவர்கள் உண்ட ரொட்டி மெய்யான ரொட்டியே. 1590இல் இரண்டாம் பிலிப்பு, ஸ்பானியர் யாத்திரிக உடையணிவதைத் தடைசெய்து, யாத்திரைக்குச் செல்வோர் அதிகாரியிடமும் பேராயரிடமும் சீட்டுப் பெறவேண்டுமெனக் கட்டளையிட்டான். யாத்திரிக வேடத்தில் அலையும் வீணரே காரணமென்பது கட்டளையின் கூற்று. 1836இலும் 1855இலும் பிறந்த சட்டங்களால் மடங்களின் நிலங்களும் அறச்சாலைகளின் சொத்துகளும் ஏலம் போயின. ஊர்ப்புறச் சத்திரங்கள் மாட்டுத்தொழுவங்களாயின. சாந்தியாகோவில் கத்தோலிக்க அரசர் தம்பதிகள் 1499இல் ஆணையிட்டுக் கட்டத் தொடங்கிய அரச மருத்துவமனை மட்டும் நெடுங்காலம் நின்றது. 1954இல் அது உயர்தர ஓட்டலாக்கப்பட்டது. ஏழை யாத்திரிகருக்கென எழுப்பிய மாடத்தில் இன்று செல்வர் தங்குகின்றனர்.

மீட்சி எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. ஓ செப்ரெய்ரோ என்னும் மலையூரின் பங்குக்குரு எலியாஸ் வலீஞா 1984இல் மஞ்சள் வண்ணச்சாயத்தைக் கொண்டு வழியெங்கும் அம்புக்குறிகள் தீட்டலானார். 1986இல் சாந்தியாகோவில் யாத்திரைச் சான்றிதழ் பெற்றோர் 1,801 பேர். 2019இல் அத்தொகை 347,578. 2024இல் ஏறத்தாழ 5 இலட்சம். நம் அமைதியான பாதையின் வழியே வந்தோர் 2019இல் ஏறத்தாழ 9,000 பேர் மட்டுமே. அவர்களிலும் கடைசி 100 கி.மீ. நடந்தோர் பலர். இவர்கள் அனைவரும் விசுவாசிகளல்லர். திருப்பண்டத்தை நம்பாதோர், புரொட்டஸ்டாந்தர், எச்சமயமும் சாராதோர் எனப் பலரும் நடக்கின்றனர். கல்லறை அவர்களுக்கு ஒரு திசையைக் காட்டுகிறது, அவ்வளவே.

அவர்கள் தங்கும் சிறு விடுதிக்கு 'அல்பேர்கே' என்று பெயர். பெரும்பாலும் பழைய பள்ளிக்கூடமோ பங்குக்குருவின் வீடோ மடத்தின் ஒரு பகுதியோதான் அது. சலமாங்காவுக்குத் தெற்கே புயென்தெரோபிளே என்னும் சிற்றூரில் பங்குக்குருவின் இல்லமே பல ஆண்டுகளாக யாத்திரிகரை ஏற்று வந்துள்ளது. ஒரென்சேயைக் கடந்தபின் ஒசெய்ரா என்னும் சிஸ்தெர்சிய மடம் உண்டு. 12ஆம் நூற்றாண்டில் எழுந்து, 1835இல் துறவியர் வெளியேற்றப்பட்டுப் பாழாகி, 1929இல் மீண்டும் துறவியர் குடியேறிய இடம். அதன் குளிர்ந்த கற்கூடத்திலும் யாத்திரிகருக்குப் படுக்கைகள் உண்டு. சமோராவில், சான் சிப்ரியானோ என்னும் பழைய ஆலயத்தை அடுத்த விடுதி தன்னார்வத் தொண்டர்களால் நடத்தப்பட்டு வந்துள்ளது. கட்டணம் இன்றி, மேசைமேல் ஒரு காணிக்கைப் பெட்டி மட்டும் இருக்கும். தெருப்பிச்சையை ஒழிக்க 1545இல் அரும்பாடுபட்ட அதே சமோராவில் இது நிகழ்வதை எண்ணிச் சோத்தோ புன்னகை புரிந்திருப்பார்.

இத்தகைய விடுதியில் ஓர் இரவு கழிவது எவ்வாறென அறியாதோருக்காகச் சில சொற்கள். பிற்பகலில் கதவு திறக்கும். காலணிகளை வாசலில் கழற்றிவிட்டு, வழிச்சான்றேட்டில் முத்திரை பெற்று, அடுக்குக் கட்டில்களில் ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும். துணியைத் துவைத்து, கொப்புளங்களுக்கு மருந்திட்டபின், மாலையில் எல்லாரும் சேர்ந்து சமைப்பதும் உண்டு. எஞ்சிய அரிசியையோ எண்ணெயையோ அடுத்து வருவோருக்கென அடுக்களையில் விட்டுச் செல்வர். பத்து மணிக்கு விளக்கணையும். விடியற்காலையில் அனைவரும் வெளியேற வேண்டும். ஓர் இரவுக்கு மேல் தங்குதல் கூடாது. விடுதியைக் கவனிப்பவர், பெரும்பாலும் முன்பு தாமே நடந்து சென்ற ஒருவர், தம் விடுமுறையில் இரண்டு வாரம் ஊதியமின்றி வந்து தரையைப் பெருக்குவார். பெரும்பாதையில், பித்தேரோ பாலத்தருகே ஒரு பழைய ஆலயத்தில் அமைந்த விடுதியில், உணவுக்கு முன் இத்தாலியத் தொண்டர்கள் யாத்திரிகரின் பாதங்களைக் கழுவுகின்றனர். பரிசுத்தவான்களுடைய பாதங்களைக் கழுவிய விதவைகளைப்பற்றி 1 தீமோத்தேயு 5இல் வாசித்துவிட்டு நாம் விரைவாகக் கடந்து போவதுண்டு. இத்தொண்டருக்கு வழங்கும் பெயர் 'ஒஸ்பிதாலேரோ'. கால்வினின் உதவிக்காரருக்கு ஜெனீவாவில் வழங்கிய அதே சொல், மற்றொரு மொழியின் உச்சரிப்பில்.

ஆனால் கேள்வி இன்னும் முடியவில்லை. கூட்டம் பெருகப் பெருக, காணிக்கைப் பெட்டிகள் பல ஊர்களில் மறைந்து கட்டணப் பலகைகள் தோன்றியுள்ளன. அதனினும் ஆழமான மாற்றம் வேறொன்று. இடைக்காலச் சத்திரத்தின் ஆவணங்களில் ஏழையரும் யாத்திரிகரும் ஒரே மூச்சில் குறிப்பிடப்பட்டனர். இன்றைய யாத்திரிக விடுதியில் நுழைவதற்கு வழிச்சான்றேடு தேவை. வேலை தேடி அலைபவனிடமும் வீடற்றவனிடமும் அது இராது. அவர்களுக்கென ஸ்பானிய நகரங்களில் வேறு விடுதிகள் உள்ளன; நகராட்சியோ கத்தோலிக்கத் திருச்சபையின் அறப்பணி அமைப்பாகிய காரித்தாசோ அவற்றை நடத்துகின்றன. அங்குத் தங்குவோரைக் குறிக்கும் சொல் 'திரான்செயூந்தெ', அதாவது கடந்து செல்பவன். ஜெனீவாவின் சட்டம் எந்தச் சொல்லால் வழிப்போக்கரைக் குறித்ததோ அதே பொருளுடைய சொல். இவ்வாறு ஒரே நகரில் இரு கதவுகள் அமைந்துவிட்டன. ஒன்று, முதுகில் மூட்டையுடன் தன் விருப்பத்தால் நடந்து வருபவனுக்கு. மற்றது, முதுகில் மூட்டையுடன் வேறு வழியின்றி நடந்து வருபவனுக்கு. மெரிதாவின் மருத்துவர்கள் தெருவில் கிடந்தவனைத் தூக்குமுன் அவன் எங்கே போகிறான் என்று கேட்டதாக அந்த நூலில் ஒரு சொல்லும் இல்லை.

வழிச்சான்றேட்டைச் சில விடுதிகளே எழுதிக் கொடுப்பதுண்டு. அதற்கு ஆகும் செலவு மிகச் சிறிது. மழையிரவில் சான்றேடின்றி வாசலில் நிற்பவனுக்கு ஒரு புதிய ஏட்டில் பெயரெழுதி முத்திரையிட்டு உள்ளே விடலாம். விதியைக் காட்டி நகரின் மறுகோடிக்கு அனுப்பியும் விடலாம். அன்றிரவு எது நடக்கும் என்பது, இரண்டு வாரத் தொண்டுக்கு வந்து மேசைக்குப் பின்னால் அமர்ந்திருக்கும் அந்த ஒஸ்பிதாலேரோவின் கையில் இருக்கிறது.